நெல் தூசியும் பஸ் குலுக்கலும் தாங்கும் ஒரு மைப் பேனா

தை பிறந்து சம்பா அறுப்பு தொடங்கிவிட்டால் எங்கள் ஆலையில் பேனாவைக் கீழே வைக்க நேரம் இருக்காது. நீடாமங்கலத்தை ஒட்டி ஒரு அரிசி ஆலையில் பதினோரு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். கம்ப்யூட்டர் இருக்கிறது, ஜிஎஸ்டி பில் எல்லாம் அதில்தான். ஆனால் எடை மேடை ஓரமாக நின்று லாரி ஏறி இறங்கும்போதே எழுதுகிற சிட்டையும், சாயங்காலம் உட்கார்ந்து அதிலிருந்து எடுத்து எழுதுகிற பேரேடும் இன்றைக்கும் கையால்தான். சாதாரண நாளில் எட்டுப் பக்கம், சீசனில் பதினைந்து பக்கம்கூட ஆகும். பால் பாயிண்டில் அழுத்தி எழுதி எழுதிக் கட்டைவிரல் மூட்டில் வலி வந்த பிறகுதான் பள்ளிக்கூடத்தோடு விட்டுவிட்ட மைப் பேனாவுக்குத் திரும்பினேன். மை தானாக இறங்கி வரும், கை அதைக் காகிதத்தின் மேல் நடத்திக்கொண்டு போனால் போதும், அழுத்தவே வேண்டாம். மூன்று மாதத்தில் வலி நன்றாகக் குறைந்தது.

குறைந்தது வலிதான். பேனாத் தொல்லை அப்போதுதான் ஆரம்பித்தது. சரியான பேனா கைக்கு வர எனக்கு இரண்டு வருடமும் நாலு பேனாவும் ஆயிற்று, அந்தச் செலவு இன்னொருவருக்கு வர வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். தினமும் பையில் போட்டுக்கொண்டு போய், நாள் முழுக்க வேலை வாங்கி, மறுநாள் காலையில் உதறாமல் எழுத வேண்டிய பேனாவைப் பற்றி மட்டும்தான் பேசப்போகிறேன். பரிசு கொடுக்க, மேசையில் வைத்து அழகு பார்க்க வாங்குவது வேறு விஷயம்.

என்னிடம் இப்போது இருப்பது ஜப்பானின் பிளாட்டினம் கம்பெனி செய்யும் ப்ளெசிர், 03 என்று போட்ட மெல்லிய முள். ஒன்றே முக்கால் வருடமாகக் கூடவே இருக்கிறது. அலுமினிய உடம்பு, கையில் கனமே தெரியாது. இதே கம்பெனியின் பிரெப்பி என்கிற மலிவான பிளாஸ்டிக் பேனாவில் இருக்கும் அதே முள், முள்ளுக்கு அடியில் இருந்து மையைக் கொண்டுவரும் அதே நாக்குதான் இதிலும். உடம்புக்குத்தான் கூடுதல் காசு. ஏன் இதில் வந்து நின்றேன் என்பதைச் சொன்னால்தான் உங்களுக்குப் பயன், ஏனென்றால் உங்கள் வேலைக்கு வேறொன்று பொருந்தலாம்.

முதலில் வாங்கிய பேனா எது என்று சொல்லப்போவதில்லை, அதைச் செய்தவர்கள் மேல் குற்றம் இல்லை, தேர்ந்தெடுத்ததுதான் தவறு. மை தாராளமாக இறங்கும், முள் கொஞ்சம் பருமன், நல்ல நோட்டில் எழுதினால் கண்ணுக்குக் குளிர்ச்சி. எங்கள் சிட்டைக் காகிதமோ மலிவு, செய்தித்தாளுக்கு ஒரு படி மேலே, அவ்வளவுதான். ஒரு நாள் நெல் மூட்டை எண்ணிக்கை 216 என்று எழுதினேன். எழுதும்போது 216தான். மை காய்வதற்குள் ஆறின் மேல் வால் ஊறி இறங்கி, கீழ் வட்டத்தோடு ஒட்டிக்கொண்டு, சாயங்காலம் பேரேட்டில் ஏற்றும்போது என் கண்ணுக்கே அது 218 ஆகத் தெரிந்தது. லாரிக்காரர் சீட்டில் 216, என் கணக்கில் 218. இரண்டு மூட்டை எங்கே என்று ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை களத்தில் அடுக்கியிருந்ததை எண்ணிக்கொண்டிருந்தோம். கடைசியில் சிட்டையை ட்யூப்லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது, எட்டின் இடுப்பில் மட்டும் மை வெளுத்திருந்தது. லோடுமேன்கள் எல்லாரும் எனக்காக இரண்டு மணி நேரம் வீட்டுக்குப் போகாமல் நின்றார்கள். அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதிலிருந்து கற்றது: முள், மை, காகிதம் மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், பேனாவை மட்டும் தனியாகப் பார்த்து வாங்கக் கூடாது. காகிதத்தை மாற்றுவது பெரும்பாலும் நம் கையில் இல்லை. ஆபீஸ் பதிவேடு, வங்கிச் சலான், பள்ளிக்கூட விடைத்தாள், எல்லாம் அவர்கள் கொடுப்பதுதான். அப்படியானால் முள் மெலிதாக இருக்க வேண்டும், மை கொஞ்சம் கட்டுப்பாடாக இறங்க வேண்டும். ஜப்பான் பேனாக்களில் ஃபைன் என்று போட்டிருந்தால் அது ஐரோப்பியப் பேனாக்களின் ஃபைனைவிட ஒரு சுற்று மெல்லிசாகவே இருக்கும், அவர்களுடைய எழுத்தில் சின்ன இடத்துக்குள் நிறையக் கோடு போட வேண்டியிருப்பது அதற்கு ஒரு காரணம். நம் எழுத்தும் அப்படித்தானே. ணை, ஞு, ழூ எல்லாம் பருமனான முள்ளில் கோடு போட்ட நோட்டுக்குள் எழுதிப் பாருங்கள், சுழி அடைத்துக்கொண்டு புள்ளியாகிவிடும்.

அடுத்தது மூடி. என்னைக் கேட்டால் வேலைக்கான பேனாவில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கடையில் எல்லாரும் முள்ளைப் பார்க்கிறோம், நிறத்தைப் பார்க்கிறோம், மூடியைத் திறந்து கீழே வைத்துவிட்டுக் கிறுக்கிப் பார்க்கிறோம், அந்த மூடியை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. மை என்பது பெரும்பாலும் தண்ணீர். மூடி சரியாக அடைக்காவிட்டால் அந்தத் தண்ணீர் மட்டும் மெல்ல மெல்ல ஆவியாகிப்போய், முள்ளின் பிளவிலும் நாக்கின் வாய்க்காலிலும் சாயம் கெட்டியாக நின்றுவிடும். காலையில் எழுதினால் வராது. உதறுவோம், சுவரிலும் முன்னால் இருப்பவர் சட்டையிலும் புள்ளி விழும், பள்ளிக்கூடத்தில் நாம் எல்லாரும் செய்ததுதான். என் இரண்டாவது பேனா அப்படி. எழுத ஆரம்பித்துவிட்டால் வெண்ணெய் மாதிரிப் போகும், ஆனால் எங்கள் வேலை தொடர்ந்து எழுதுகிற வேலை இல்லையே. ஒரு லாரிக்கு இரண்டு வரி, அப்புறம் கால் மணி நேரம் சும்மா, அடுத்த லாரி, மறுபடி இரண்டு வரி. சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, பக்கத்தில் பாய்லர் அனலும் சேர்ந்துகொண்டால், ஒவ்வொரு கால் மணிக்கும் அதை எச்சில் தொட்டு எழுப்ப வேண்டியிருந்தது.

பிளாட்டினத்தின் மூடிக்குள்ளே இன்னொரு சின்ன உள்மூடி இருக்கிறது, அதன் பின்னால் ஒரு ஸ்பிரிங். மூடும்போது அந்த ஸ்பிரிங் உள்மூடியை முள்ளைச் சுற்றி அழுத்திப் பிடித்துக் காற்றுப் போகாமல் அடைக்கிறது. ஸ்லிப் அண்ட் சீல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், தங்களுடைய விலை உயர்ந்த 3776 செஞ்சுரி பேனாவிலிருந்து பிரெப்பி, ப்ளெசிர் வரைக்கும் இது இருக்கிறது. ஒரு வருடம் எழுதாமல் வைத்தாலும் மை காயாது என்று கம்பெனி சொல்கிறது. நான் ஒரு வருடம் சோதித்துப் பார்க்கவில்லை, அவ்வளவு நாள் அதைப் பிரிந்திருக்க எனக்கு முடியாது. ஆனால் போன ஆடியில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று ஐந்து வாரம் லீவில் இருந்தேன். பேனா ஆலை மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. திரும்பி வந்து மூடியைத் திறந்து, உதறாமல், வேறு காகிதத்தில் கிறுக்காமல், நேராகச் சிட்டையில் தேதி போட்டேன். முதல் கோட்டிலேயே எழுதியது. நிறம் மட்டும் கொஞ்சம் கறுத்திருந்தது, நாலு வரியில் பழையபடி ஆகிவிட்டது.

மூடியில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும், திருகு மூடியா அழுத்து மூடியா என்று. ஒரு கையில் பேட், அதன் மேல் சிட்டை, இன்னொரு கையில் பேனா, மேலே எடைக் காட்டியில் எண் ஓடிக்கொண்டிருக்கிறது, அந்த நேரத்தில் மூன்று சுற்றுத் திருகிக்கொண்டிருக்க முடியாது. நின்றுகொண்டே எழுதுகிறவர்கள், வகுப்பில் நடந்துகொண்டே எழுதும் டீச்சர்கள், பேஷண்ட் பக்கத்தில் நின்று குறிக்கும் நர்சுகள் எல்லாருக்கும் இழுத்தால் வருகிற அழுத்து மூடிதான் சரி. உட்கார்ந்து மணிக்கணக்காக எழுதுகிறவர்களுக்குத் திருகு மூடி நல்லது, பையில் தானாகத் திறந்துகொள்ளாது.

கடைக்கு வருகிறேன். இந்தப் பேனாவை ஆன்லைனில்தான் வாங்கினேன், ஆனால் எப்படிப் பார்த்து வாங்குவது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது கும்பகோணத்தில் ஒரு பழைய ஸ்டேஷனரிக் கடைக்காரர். கண்ணாடி அலமாரிக்குள் மை பாட்டில்கள், சாணித்தாள் அட்டை போட்ட பேரேடுகள், ஒரு மூலையில் பழைய ஹீரோ பேனாக்கள், அந்த மாதிரிக் கடை. நான் ஒரு பேனாவை மையில் தொட்டுப் பழக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டுப் பார்த்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்:

"உ போட்டா எல்லாப் பேனாவும் எழுதும்மா. ஞ போட்டுப் பாரு."

"ஏண்ணே?"

"உ ஒரு பக்கமாவே சுத்தி வலது பக்கமா ஓடிப்போயிடும். ஞ அப்படியா? மேல, கீழ, இடது, வலதுன்னு எல்லாப் பக்கமும் போயிட்டுத்தான் வரணும். முள்ளு எந்தப் பக்கம் கோணலோ அந்தப் பக்கம் போறப்ப கீறும், கையிலயே தெரியும்."

போட்டுப் பார்த்தேன். நாலில் இரண்டு பேனாக்கள், கீழிருந்து மேலே போகும் கோட்டில் மட்டும் காகிதத்தைப் பிராண்டின. நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் லென்ஸ் ஒன்றைக் கொடுத்து முள்ளின் நுனியை நேராகப் பார்க்கச் சொன்னார். இரண்டு பற்களில் ஒன்று முடியளவு மேலே நின்றது. அவ்வளவுதான் வித்தியாசம். அதற்குப் பிறகு நான் எந்தப் பேனாவையும் ஞ எழுதாமல் வாங்கியதில்லை, ஆன்லைனில் வந்ததை இரண்டு பக்கம் ஞ எழுதிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைத் தூக்கிப் போடுவேன்.

அவருடைய கடையில் பார்த்த மற்றவற்றைப் பற்றியும், பிறகு கூட வேலை செய்கிறவர்களிடம் வாங்கி எழுதிப் பார்த்ததைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன். லாமி சஃபாரி 1980-ல் வந்த ஜெர்மன் பேனா, தடித்த ஏபிஎஸ் பிளாஸ்டிக், பெரிய கிளிப், பக்கவாட்டில் மை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஜன்னல். பிடிக்கும் இடத்தை முக்கோணமாகச் செதுக்கியிருப்பார்கள். அது உங்கள் விரலுக்கு ஒத்துப்போனால் பல வருடத்துக்கு வேறு பேனா வேண்டாம், ஒத்துப்போகாவிட்டால் ஒரு பக்கம்கூட எழுத முடியாது, அதனால் கையில் பிடித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். பைலட் மெட்ரோபாலிட்டன் பித்தளை உடம்பு, கனம் கொஞ்சம் அதிகம், மெல்லிய ஜப்பான் முள், அழுத்து மூடி. எனக்கு அது இரண்டாம் இடம். முதலிடத்துக்கும் அதற்கும் நடுவே இருந்தது அந்த உள்மூடி மட்டும்தான். நிறைய மை வேண்டும் என்பவர்களுக்கு தைவானின் ட்விஸ்பி ஈகோ, உடம்பே மைத்தொட்டி, பின்பக்கம் திருகினால் பிஸ்டன் உறிஞ்சிக்கொள்ளும்.

நம் ஊர் எபோனைட் பேனாக்களைச் சொல்லாமல் போக எனக்கு மனசு வராது. ராஜமுந்திரியில் 1930களில் காந்திக்குச் சுதேசிப் பேனா செய்து கொடுத்த ரத்னம், நம் திருவள்ளூரில் கடைசல் மிஷினில் கையால் கடைந்து தரும் ரங்கா, இவர்கள் செய்வது எல்லாம் உலகம் முழுக்கத் தேடி வாங்குகிற பேனாக்கள். எபோனைட் என்பது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். கையில் எடுத்தால் பிளாஸ்டிக் மாதிரி வழுக்காது, உலோகம் மாதிரிச் சில்லென்று இருக்காது, ஒரு மர உருண்டையைப் பிடித்த மாதிரி இருக்கும். என்னிடம் திருவள்ளூர்ப் பேனா ஒன்று இருக்கிறது, வீட்டில் எழுதும்போது அதைத்தான் எடுப்பேன். அதன் மேல் எனக்கு இருக்கும் பிரியம் வேறு எந்தப் பேனா மேலும் இல்லை. ஆனால் ஆலைக்கு அதை எடுத்துப் போவதில்லை, அதற்குக் காரணம் பேனாவின் குறை இல்லை, மை ஊற்றும் முறை.

ஃபில்லரால் உடம்புக்குள்ளேயே நேராக மை ஊற்றும் பேனாக்கள் பெரும்பாலும், எந்த நாட்டில் செய்ததானாலும், பாதி காலியானதும் வெயிலுக்குக் கக்கும். உள்ளே மை போன இடத்தில் காற்று நிற்கிறது. 30 டிகிரியில் இருந்த காற்று கைச்சூட்டிலும் வெயிலிலும் 40 டிகிரி ஆனால் ஏறக்குறைய 3 சதவீதம் விரியும். உள்ளே 3 மில்லி காற்று இருந்தால் 0.1 மில்லி இடம் தேடும், அந்த அளவு மை வெளியே வந்துதான் ஆக வேண்டும். 0.1 மில்லி என்றால் கேட்கச் சின்னதுதான், ஆனால் அது இரண்டு சொட்டு, நாக்கு தாங்கியது போக மிச்சம் பேரேட்டின் நடுப்பக்கத்தில் விழுந்தால் அந்தப் பக்கமே போச்சு. மை அடைத்தே வருகிற சின்னக் குழாயான கேட்ரிட்ஜிலோ, பாட்டில் மையை உறிஞ்சி நிரப்பிக்கொள்கிற கன்வெர்ட்டரிலோ உள்ளே இருக்கும் இடமே ஒரு மில்லிக்கு முன்பின், விரியும் காற்றும் அதற்கேற்பக் கொஞ்சம்தான், நாக்கின் வரிப்பள்ளங்களே அதைப் பிடித்துக்கொள்ளும். எபோனைட் பேனாதான் வேண்டும் என்றால் அதிலும் கன்வெர்ட்டர் போடுகிற மாதிரி செய்து தருகிறார்கள், கேட்டு வாங்குங்கள். ஊற்றும் வகைதான் வைத்திருக்கிறீர்கள் என்றால் பாதிக்குக் கீழே இறங்க விடாமல் நிரப்பிக்கொண்டே இருங்கள்.

எடுத்துப் போகும் விதம் பற்றி ஆண்கள் எழுதும்போது சட்டைப்பையோடு முடித்துக்கொள்வார்கள். எங்களுக்குச் சட்டைப்பை கிடையாது. பேனா ஹேண்ட்பேக்கில் சாப்பாட்டு டப்பாவுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவே படுத்துக்கொண்டு, மன்னார்குடியிலிருந்து நீடாமங்கலம் வரைக்கும் ஒவ்வொரு வேகத்தடையிலும் குதித்துக்கொண்டே வரும். குலுங்கக் குலுங்க முள்ளிலிருந்து மை தெறித்து மூடிக்குள் தேங்கும், திறந்தால் விரலெல்லாம் நீலம். நான் செய்த வைத்தியம், தெருமுனைத் தையல்காரரிடம் பையைக் கொடுத்து, உள்ளே ஓரமாக, நின்ற வாக்கில் பேனா ஒன்று மட்டும் நுழைகிற அகலத்துக்கு ஒரு உறை தைக்கச் சொன்னேன். பழைய ஜீன்ஸ் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தார். முள் மேலே பார்த்தபடி நிற்கும், மை நாக்கிலிருந்து பின்னால் இறங்கிவிடும். இதைச் செய்த நாளிலிருந்து மூடிக்குள் ஒரு பொட்டு மைகூடப் பார்க்கவில்லை. எந்தப் பேனா வாங்கினாலும் இதைச் செய்யுங்கள், பேனா விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

மைக்கு வருவோம். கணக்கும் கையெழுத்தும் நிற்க வேண்டிய எழுத்து. ராயல் ப்ளூ என்று வரும் பல மைகள் துவைத்தால் போகும் வகை, சட்டையில் பட்டால் நல்லதுதான், ஆனால் பேரேட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் கவிழ்ந்தால் மார்ச் மாதக் கணக்கே கரைந்துவிடும். நான் போடுவது நீலக்கறுப்பு மை, இரும்புச் சத்து சேர்ந்தது. எழுதும்போது நீலமாக இருக்கும், காற்றுப் பட்டதும் கறுத்துக் காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும். கடுக்காய்த் துவர்ப்பும் அன்னபேதியும் சேர்ந்தால் கறுக்கும் இல்லையா, அதே வேதியியல்தான். பிளாட்டினத்தின் நீலக்கறுப்பு இந்த வகை. இதில் புளிப்பு உண்டு, அதனால் எஃகு முள்ளுள்ள பேனாவில் மாதக்கணக்காகக் கழுவாமல் விடக் கூடாது. நான் மாதம் ஒரு முறை, சம்பளம் போட்ட மறுநாள், கழுவிவிடுவேன். காகிதத்தோடு அப்படி ஒட்டிக்கொள்வதால்தான் இந்த மை மலிவான காகிதத்திலும் அதிகம் ஊறுவதில்லை என்று நினைக்கிறேன், எங்கள் சிட்டையில் ஆறு ஆறாகவே நிற்கிறது. உள்ளூர்க் கடையில் கிடைப்பதே போதும் என்றால் கேமலின் மை இன்றைக்கும் கும்பகோணம், தஞ்சாவூர்க் கடைகளில் சின்ன பாட்டிலில் கிடைக்கிறது. கொல்கத்தாவின் சுலேகா, 1934-ல் தொடங்கி இடையில் நின்றுபோய் 2020-ல் மறுபடி வந்தது, அதையும் வரவழைத்து எழுதிப் பார்த்தேன், நல்ல மை.

இந்தப் பேனாவை வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று, இதன் கேட்ரிட்ஜ் இவர்களுடையது மட்டும்தான் பொருந்தும். வாயில் ஒரு குட்டி எஃகு உருண்டை வைத்து அடைத்திருப்பார்கள். பேனாவில் குத்தியதும் உருண்டை உள்ளே விழுந்துவிடும், மை குறையக் குறைய அசைத்தால் கிணிகிணி என்று சத்தம் வரும், உலோக உடம்புக்குள் மை தெரியாது என்பதால் எனக்கு அந்தச் சத்தம்தான் அளவு. நீடாமங்கலத்தில் இந்தக் கேட்ரிட்ஜுக்கு எங்கே போவது? தீர்ந்ததைத் தூக்கிப் போடாமல் மெடிக்கல் ஷாப்பில் ஒரு சிரிஞ்சு வாங்கி, பாட்டில் மையை அதிலேயே மறுபடி நிரப்பிக்கொள்கிறேன். கன்வெர்ட்டரைவிட அதிக மை பிடிக்கும், கழுவவும் சுலபம். ஒரே கேட்ரிட்ஜைப் பத்துப் பன்னிரண்டு தடவை நிரப்பினேன், வாய் தளர்ந்த மாதிரி தோன்றியதும் மாற்றிவிட்டேன்.

இன்னொரு யோசனை. பிரெப்பியின் கழுத்தும் முள்ளும் அப்படியே ப்ளெசிருக்குள் திருகி உட்கார்ந்துகொள்ளும் என்பதால், ஒரு பிரெப்பியைக் கூடவே வாங்கி வைத்துக்கொண்டால் அதுவே மாற்று முள். சர்வீஸ் சென்டர் இல்லாத ஊரில் இது பெரிய விஷயம். கீழே விழுந்து முள் மடங்கிவிட்டால் அடுத்த நிமிடம் மாற்றிக்கொண்டு எழுதலாம். முதல் தடவை வாங்குகிறவர்கள் பிரெப்பி மட்டும் வாங்கி இரண்டு மாதம் எழுதிப் பாருங்கள், பிடித்தால் பிறகு உடம்பை மாற்றிக்கொள்ளலாம்.

கழுவுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் நல்ல பேனாக்கள் பாழாகின்றன. வெந்நீர் வேண்டாம், எபோனைட் வெளுத்துவிடும். ஸ்பிரிட், சானிடைசர் வேண்டவே வேண்டாம், சில பிளாஸ்டிக்குகள் விரிசல் விட்டுவிடும். பச்சைத் தண்ணீர் போதும். எங்கள் பக்கம் போர் தண்ணீரில் உப்பு அதிகம், காய்ந்தால் வெள்ளையாகப் படியும், அதனால் கடைசி அலசல் மட்டும் கேன் தண்ணீரில். ஆலையில் தவிட்டுத் தூசி எண்ணெய்ப் பசையோடு இருக்கும், நெல் சுணை காற்றில் பறந்துகொண்டே இருக்கும், மெல்லிய முள்ளின் பிளவில் அது போய் உட்கார்ந்துகொண்டால் கோடு திடீரென்று பருமனாகும் அல்லது விட்டு விட்டு எழுதும். அப்போது பள்ளிக்கூடப் பழக்கத்தில் பிளேடை எடுத்துப் பிளவுக்குள் விடாதீர்கள். பிளேடு எஃகைக் கீறும், ஒரு தடவை அகன்ற பிளவு திரும்பச் சேராது. பழைய போட்டோ நெகட்டிவில் ஒரு துண்டு வெட்டி, பல்லுக்குள் நூல் விடுகிற மாதிரி மெதுவாக ஒரு இழு, போதும்.

அப்புறம், மைப் பேனா செய்ய முடியாத வேலையும் இருக்கிறது. கார்பன் வைத்து எழுதும் ரசீதுப் புத்தகத்துக்கு இது உதவாது, அழுத்தினால்தானே அடுத்த தாளில் பதியும், அழுத்தினால் முள் விரியும். அதற்கு ஒரு பால் பாயிண்ட் எப்போதும் மேசையில் இருக்கட்டும். அது இன்னொரு வேலைக்கும் வேண்டும். "அக்கா, ஒரு கையெழுத்து, பேனா கொடுங்க" என்று லாரி டிரைவர்கள் கேட்கும்போது நீட்டுவதற்கு. அவர்கள் மேல் தவறில்லை, பால் பாயிண்ட் பழகிய கை எல்லாமே அழுத்தும், சிலர் முள்ளைக் கவிழ்த்துப் பிடித்து எழுதுவார்கள். மைப் பேனா ஒருவர் கைச்சாய்வுக்குப் பழகிக்கொள்ளும் என்று அப்பா சொல்லி யாருக்கும் கொடுக்க மாட்டார். எஃகு முள் அவ்வளவு சீக்கிரம் தேயாது என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் நானும் கொடுப்பதில்லை.

விலை கூடிய பேனா வாங்கினால் நம்பிக்கை கூடும் என்று நினைக்காதீர்கள். தங்க முள் எழுத மெத்தென்று இருக்கும், ஆனால் மூடி அடைக்கவில்லை என்றால் தங்கத்திலும் மை காயும். சில நூறு ரூபாய்ப் பேனா காலையில் முதல் கோட்டில் எழுதுகிறது என்றால் அதுதான் வேலைக்கு நல்ல பேனா.

அண்ணன் மகள் இந்த வருடம் பிளஸ் டூ. மூன்று மணி நேரம் எழுதிக் கை வலிக்கிறது என்றாள், நீல மை அடைத்த பிரெப்பி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். தேர்வுக்கு முன்னால் கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்கு அழைத்துப் போனோம், பூந்தோட்டத்தில் இறங்கிப் போகிற அந்தக் கோயில். நோட்டோடு பேனாவையும் வைத்து வாங்கிக்கொண்டு வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்தோம். "அத்தை, பரீட்சை ஹால்ல இது கக்கிடாதுல்ல? நடுவுல நின்னுடாதுல்ல?" என்று கேட்டாள். மூடியைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, கண்ணாடி மாதிரித் தெரிகிற அந்த மூடிக்குள்ளே இருக்கும் குட்டி ஸ்பிரிங்கை அவளுக்குக் காட்டினேன். விரல் நுனியால் உள்மூடியைத் தொட்டு அழுத்தி விட்டு, அழுத்தி விட்டுப் பார்த்தாள். அப்புறம் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி ஞ எழுத ஆரம்பித்தாள்.